நைனா பார்த்த மாப்பிள்ளை வீடு

மதிப்பிற்குரிய நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். காலையில் எழுதுவதாகச் சொன்னதை மாலையில் எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும்.

மறதி நோயுற்ற என் தந்தையார் நைனாவுக்காக இன்று செஞ்சியில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்வையிட்டோம். சென்ற வாரம் மட்டும் இரண்டு முறை அவரைப் பேருந்து நிலையத்தில் கண்டுபிடித்து அழைத்துவந்தேன். ஆகவே இந்தத் தேடல். பதினான்கு கேள்விகளை எழுதி எடுத்துச் சென்றிருந்தேன்.

நைனாவோ, எனக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருப்பதாக முடிவு செய்துவிட்டார். எனக்குத் திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன.

குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்து, "தண்ணி உப்பு இல்ல" என்றார். சமையலறையை எட்டிப் பார்த்து, "மாமியா யாரு?" என்றார். மேலாளர் அம்மையார் திகைத்து என்னைப் பார்த்தார். நான் ஆறாவது கேள்வியில் இருந்தேன்.

படுக்கையறை வாசலில் நைனா நின்றுவிட்டார்.

"தாப்பா இன்னாத்துக்கு வெளிய வெச்சிகிறீங்க?"

"ராத்திரில எழுந்து போய்ட்றாங்கய்யா. அதான் பூட்டிடுவோம்" என்றார் மேலாளர்.

"எம் பொண்ணு ஓடிப்போற பொண்ணு இல்லம்மா."

என் பதினான்கு கேள்விகளில் தாழ்ப்பாளைப் பற்றி எதுவும் இல்லை.

நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாம்மா, போலாம். உன்ன இங்க குடுக்க மாட்டேன்."

கேள்விகள் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

வீடு திரும்ப அவலூர்பேட்டைப் பேருந்தில் ஏறியதும், "அடுத்த எடம் எப்ப பாக்கறது?" என்று கேட்டார்.

அறைகளை வெளியிலிருந்து பூட்டாத இல்லம் ஏதேனும் அறிந்தவர்கள் அன்புகூர்ந்து இன்றே பதிலளிக்கவும்.