வெர்னா பேய் கட்சி

வெர்னா ஹாஸ்கெட்டைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இருக்க முடியாது. பத்தொன்பது வருடமாக ஏழாம் நம்பர் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். பாதி ஊர் அவளிடம் திட்டு வாங்கி வளர்ந்தது. ஒஹையோவில் முழங்கால் அளவு பனி விழுந்தாலும் ஏழாம் நம்பர் நேரத்துக்கு வந்து நிற்கும். அப்பேர்ப்பட்டவள் போன அக்டோபரில் நான் நூலகராக இருக்கும் ஊர் நூலகத்துக்கு வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஜோனி, அந்த ஓநாய்ப் பையன் கதை இருக்காமே. முதல் புத்தகத்தக் குடு."

"உன் தங்கச்சி மகளுக்கா?"

"அப்படியே வெச்சுக்கோயேன்."

'உறைபனி வம்சம்', மொத்தம் ஐந்து புத்தகம். ஐவி என்ற பெண்ணை இரண்டு பேர் காதலிக்கிறார்கள். ரோனன் பௌர்ணமிக்கு ஓநாயாகிறவன். சைலஸ் நூறு வருடத்துக்கு முன்னால் செத்தும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகாத பேய். ஊரிலுள்ள பெண் பிள்ளைகள் ஓநாய் கட்சி, பேய் கட்சி என்று பிரிந்து பேருந்தில் சண்டை போட, வெர்னா அதைக் காதால் வாங்கியே ஆசைப்பட்டிருக்கிறாள். மூன்றாம் நாளே திரும்ப வந்தாள்.

"கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"தூசி. பேசாம ரெண்டாவதக் குடு."

எங்கள் நூலகத்தில் புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு அட்டை செருகியிருக்கும். படித்தவர்கள் பெயரின் ஆங்கில முதலெழுத்தை மட்டும் போட்டு அபிப்பிராயம் எழுதலாம். வெர்னா 'வி' என்று போட்டு எழுத ஆரம்பித்தாள். முதல் புத்தகத்துக்கு இப்படி: "ஐவிக்கு அறிவு கொஞ்சம் குறைச்சல். கொட்டும் பனியில் கோட்டு இல்லாமல் காட்டுக்குள் போகிறாள். ஆனாலும் அழுதேன். நான்கு நட்சத்திரம்." இரண்டாவதுக்கு: "ரோனன் சட்டையோடு இருக்கும் பக்கம் ஒன்றாவது வேண்டும். சைலஸ் செத்தவன்தான், ஆனால் காத்திருக்கத் தெரிந்தவன்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அட்டையின் அடியிலேயே கேள்வியும் எழுதினார்கள்: 'வி, நீ எந்த வகுப்பு? வியாழக்கிழமை வாசகர் கூட்டத்துக்கு வாயேன்.' அந்தக் கூட்டத்துக்குப் பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரைதான் அனுமதி. கதவில் அப்படி எழுதி ஒட்டியவள் நான்தான்.

அட்டையை வெர்னாவிடம் காட்டினேன். முகம் மலர்ந்தது, உடனே வாடியது.

"எனக்கும் யார்கிட்டயாவது பேசணும்போலத்தான் இருக்கு. என் புருஷன் டேல்கிட்டச் சொன்னா, ஓநாய் சுட லைசென்ஸ் வேணுமான்னு கேக்குறான். ஆனா இதுங்ககிட்ட எப்படிடி? கண்ணாடியில நான் ஒரு மொற மொறைச்சா மொத்த பஸ்ஸும் கப்சிப். பேய்க்காக அழுதவன்னு தெரிஞ்சா அப்புறம் எவ பயப்படுவா?"

"அப்ப எழுதாத."

"எழுதாம இருக்க முடியலையே."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

நான்காம் புத்தகத்தில் மாட்டிக்கொண்டாள். "பதினோராம் அத்தியாயத்தில் சிவப்பு விளக்கு மினுங்க, 'நில்' பலகை நீட்டி, பிள்ளைகளை இறக்க நிற்கும் பள்ளிப் பேருந்தை ரோனன் சட்டத்தை மீறிக் காரில் தாண்டிப் போகிறான். கதை எழுதிய அம்மாள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு நட்சத்திரம். இவனுக்கு முதலில் லைசென்ஸைப் பிடுங்க வேண்டும்." பதினைந்து வயதுப் பெண் எவளும் இப்படி எழுதமாட்டாள். நான் அதைப் பார்ப்பதற்குள் கூட்டத்தின் தலைவி மரிசா புத்தகத்தை எடுத்துப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு நாள் பேருந்தில் ஒரு சத்தமில்லை, கிசுகிசுப்பு மட்டும்தான். வெர்னாவுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கும்போது மரிசா படியில் நின்றாள்.

"மிஸ் வெர்னா, கூட்டம் மூணரைக்கு. உங்க ரூட் முடிய நாலு ஆகும்ல? அதான் நாலரைக்கு மாத்திட்டோம்."

"பதினெட்டு வயசுக்குள்ளன்னு கதவுல போட்டிருக்கே."

"அத மிஸ் ஜோனிகிட்ட நாங்க பேசிக்கிறோம்."

பேசத்தான் வந்தார்கள், ஐந்து பேர் வரிசையாக. விதியென்றால் நான் லேசில் இறங்கி வருகிறவள் இல்லை. அன்றைக்குக் கதவில் ஒட்டிய அந்தத் தாளை நானே கிழித்தேன்.

வியாழக்கிழமை வெர்னா சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஓநாய் கட்சி பெய்ஸ்லி எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டாள்.

"ஐவி சாகக் கெடந்தா, மிஸ் வெர்னா. அவன் அவளக் காப்பாத்த ஓடினான். அதுக்குப் போயி ஒரு நட்சத்திரமா? நீங்க பேய் கட்சி, அதான்."

"பேய் கட்சிதான், இல்லைங்கல. அவன் ஐவிக்காக உசுரையே குடுப்பான், அதுவும் சரி. ஆனா அந்த பஸ்ஸுல இருந்து எறங்கி ரோட்டத் தாண்டுறது யாரு? நீயும் மரிசாவும்தானே. என் புள்ளைங்க எறங்கும்போது நிக்காதவன் எவ்வளவு அழகனா இருந்தாலும் எனக்கு வேண்டாம்."

வெர்னாவின் காது சிவந்துவிட்டது. பெய்ஸ்லி தன் சட்டையில் குத்தியிருந்த ஓநாய்ப் படம் போட்ட பேட்ஜைக் கழற்றவில்லை. நாற்காலியை மட்டும் வெர்னாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.