எடை மேடையில் ஒரு கட்டைவிரல்

பழைய இரும்புக் கடையில் என் அக்கா புருஷனுக்குத் தராசு என்றுதான் பெயர். எடை மேடையின் ஓரத்தில் கால் கட்டைவிரலை வைத்துச் சும்மா நிற்பது போல நிற்பார். உருக்காலைக்குப் போகும் சரக்கு கனத்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவனுக்கும் பிடிபடாது. இது பாவமில்லையா மாமா என்று ஒருமுறை கேட்டேன். ஆலைக்காரன் அடிக்கிற கொள்ளையை நீ பார்த்ததில்லை என்று வாயை அடைத்துவிட்டார். அந்தச் சாமர்த்தியத்தில் தின்று வளர்ந்தவன் நான். நியாயம் பேச எனக்கும் யோக்கியதை கிடையாது.

அவருடைய ஒரே மகளுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. அக்காவின் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவளுக்கு ஏற்றினார்கள். கண்ணாடிக் கதவு போட்ட தனி அறையில் ஒருவர்தான் கூட இருக்கலாம் என்றதால் மாமா இருந்தார். பிள்ளைக்கு வாயெல்லாம் புண், ஓயாத வயிற்றுப்போக்கு. தண்ணீர் குடிக்கவே அழுதாள். எடை குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எடை ஏறினாலும் ஆபத்து, அது கல்லீரல் கெடுவதன் அறிகுறி என்றும் சொன்னாராம். முதல் பாதியிலேயே மாமாவுக்குக் காது அடைத்துவிட்டது.

குழாய் என்றதும் பிள்ளை அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீதான் தராசாச்சே, ஏதாவது பண்ணுப்பா," என்றாள்.

பண்ணினார். தினமும் காலையில் நர்ஸ் எடை மெஷினைத் தள்ளிக்கொண்டு வருவார். பிள்ளையால் தனியாக நிற்க முடியாது. மாமா பின்னால் நின்று தாங்கிக்கொள்வார். முந்தைய நாள் எண் வரும் வரை விரலை அழுத்துவார். நர்ஸ் எண்ணைத்தான் பார்த்தார், காலை யார் பார்க்கப் போகிறார்கள்?

கொஞ்ச நாளில் அவ்வளவு அழுத்த வேண்டியிருக்கவில்லை. பிறகு இன்னும் குறைவாக. ஒரு காலையில் விரலை எடுத்தே விட்டார். எண் அப்படியே நின்றது. உடனே எனக்குப் போன் போட்டார். "டேய், பிள்ளை தேறிட்டாடா. விரலே தேவைப்படல," என்றார். நானும் அதை நம்பி அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்ன மடையன்.

வயிறு உப்பியிருந்ததைக் குடல் புண்ணால் வந்த காற்று என்று நினைத்தார்கள். அப்புறம் கண் மஞ்சளித்தது. வலது விலாவுக்குக் கீழே தொட்டாலே அலறினாள். கல்லீரலுக்குள் இருக்கும் சின்ன ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொண்டால் உடம்பில் நீர் கோத்து எடை ஏறும், இவளுக்கு ஏறவே இல்லையே என்று டாக்டரம்மா குழம்பினார். இன்னொரு பரிசோதனை செய்துவிட்டு மருந்தைத் தொடங்கலாம் என்றார்.

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் தேறிய சதை என்று நினைத்து மனம் குளிர்ந்ததெல்லாம் அந்த நீர்தான். அந்த ஆஸ்பத்திரியில் அது ஏறியது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"எடை ஏறியிருக்கு, டாக்டர். நான்தான் காலை வச்சு மறைச்சிட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. உடனே மருந்தை ஏற்றச் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருந்தால் என்று மாமா இழுத்தார். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் டாக்டரம்மா சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்த அம்மா. மாமா அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

எடை விஷயம் வெளிவந்ததும் மூக்கில் குழாயும் ஏறியது. மூச்சுத் திணறி, சிறுநீர் நின்று, பிள்ளை செத்துப் பிழைத்தாள். அத்தனை நாளும் மாமா சோற்றைக் கண்டாலே எழுந்து போனார்.

மஞ்சள் இறங்கி, வயிறு வற்றி, சாதாரண அறைக்கு மாற்றிய பிறகு நான் போனேன். குழாய் இன்னும் இருந்தது. அப்பாவோடு பேச்சை முறித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா உனக்குத் துரோகம் பண்ணிட்டேம்மா. மன்னிச்சிடு," என்றார். என்ன துரோகம் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

அவள் மெதுவாகத் திரும்பி மூக்குக் குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சரி விடுப்பா. அடுத்த தடவையாவது யார்கிட்டயும் சொல்லாம இரு."