காலியாக விட்ட ஆறு வருடம்

வக்கீல்கள் சங்கத்தின் பதிவேட்டு அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு முதுகுக்குப் பின்னால் லென்ஸ் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் அக்கா. யார் சான்றிதழ் கொண்டுவந்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரையை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொள்வாள். வீட்டிலும் இதே கதைதான். டீயில் சர்க்கரை குறைந்தால்கூட இவள் அதில் ஒரு சதியைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று கணவர் சொல்வார்.

இந்தக் குணத்துக்காக ஒருமுறை நன்றாகச் சூடுபட்டும் இருந்தாள். ஒரு மூத்த வக்கீலின் பதிவு எண் போலி என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தாள். விசாரித்ததில், அச்சடித்தவர் ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டிருந்தார், அவ்வளவுதான். பொதுக்குழுவில் எல்லோர் முன்னாலும் எழுந்து மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு சந்தேகம் வருவது நிற்கவில்லை. வாயைத் திறப்பதுதான் நின்றது.

அந்த வருடம் சங்கம் ஒரு கையேடு போட முடிவு செய்தது. ஒவ்வொரு வக்கீலும் எங்கே படித்தார், எப்போது பதிவு செய்தார், வக்கீலாவதற்கு முன் என்ன வேலை பார்த்தார் என்று படிவம் நிரப்பித் தரவேண்டும். கடைசிக் கேள்வியை எல்லோரும் ஆசை ஆசையாக நிரப்பியிருந்தார்கள். பஸ் கண்டக்டராக இருந்தவர் வழித்தட எண்ணைக்கூட விடவில்லை. ஒரு பெண் வக்கீல், பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த எட்டு வருடத்தைப் பற்றித் தனித்தாள் இணைத்திருந்தார். காலியாக விட்டவர் ஒரே ஒருவர். படிப்புக்கும் பதிவுக்கும் நடுவே ஆறு வருடம் அவருக்குக் கணக்கில் இல்லை.

அவர் வாடகைக்காரர்களின் வக்கீல். வீட்டைக் காலி செய் என்று மிரட்டப்பட்டவர்களுக்கு ஃபீஸ் வாங்காமல் வாதாடுபவர், எப்போதும் சிரித்த முகம். லென்ஸ் அக்காவின் மகள் இரண்டு வருடமாக அவரிடம்தான் ஜூனியர்.

லென்ஸ் அக்கா அவரை நேரிலேயே கேட்டுப் பார்த்தாள். "சும்மா இருந்தேன்னு போட்டுக்கங்க அக்கா. அதுவும் ஒரு வேலைதானே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சும்மா இருந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை என்று அவளுக்குப் பட்டது. உறுப்பினராகச் சேரும்போது பழைய முதலாளியிடம் நன்னடத்தைக் கடிதம் வாங்கி வரவேண்டும் என்பது சங்கத்தின் விதி. அவருடைய பதினான்கு வருடத்துக்கு முந்தைய விண்ணப்பத்தை அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்தாள். கடிதம் இருந்தது. ஊரில் பாதிக் கட்டிடங்களை வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் தாள். வாடகைப் பிரிவில் ஆறு வருடம் வேலை செய்தார், குடியிருப்பவர்களைக் காலி செய்யவைக்கும் பொறுப்பைத் திறம்படக் கவனித்தார் என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். கீழே, பெற்றுக்கொண்டதற்கு அவளுடைய கையெழுத்தேதான் இருந்தது.

அந்தக் கம்பெனியின் எல்லாக் கட்டிடத்துக்கும் நீலக் கேட். மகள் சாப்பிடும்போது திட்டுகிற நீலக் கேட் கம்பெனி அதுதான்.

மன்னிப்புக் கேட்ட நாள் ஞாபகம் வந்ததால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சங்கத்தில் தினசரி வழக்குப் பட்டியல்களை, எந்தக் கேஸ் எப்படி முடிந்தது என்ற குறிப்போடு தைத்து வைத்திருப்பார்கள். மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவற்றைப் புரட்டினாள். மற்ற வீட்டுக்காரர்களை எதிர்த்து அவர் நின்ற கேஸ்களில் பெரும்பாலானவற்றை இழுத்துப் பிடித்து ஜெயித்திருந்தார். நீலக் கேட்டை எதிர்த்து முப்பத்தோரு கேஸ். அதில் இருபத்தொன்பது, வாதம் தொடங்கும் முன்பே சமரசம். எல்லாவற்றிலும் குடியிருந்தவர்தான் வெளியேறியிருந்தார்.

மகளிடம் சொன்னபோது அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். "உனக்கு யாரைத்தாம்மா பிடிக்கும்? ஊர்ல ஒரு நல்ல மனுஷன் இருந்தா உனக்குத் தூக்கம் வராதா?"

ஆனாலும் மறுநாள் சீனியரிடம் கேட்டுவிட்டாள். அவர் மறைக்கவில்லை. ஆமாம், அங்கே வேலை பார்த்தேன், வெட்கமாக இருந்ததால் எழுதவில்லை, உள்ளே ஆட்களைத் தெரிந்ததால்தான் சமரசம் சீக்கிரம் முடிகிறது, இல்லாவிட்டால் ஏழைகள் பத்து வருடம் கோர்ட்டுக்கு அலையவேண்டும் என்றார். கேட்டுவந்து மகள் சொன்னதும் தாய்க்கே அது நியாயமாகப் பட்டது. இரண்டு நாள் தன்மேலேயே சந்தேகமாக இருந்தது.

மகளால்தான் விட முடியவில்லை. அம்மா வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்தியபிறகு அவளுக்கு உறுத்தல் ஆரம்பித்தது. "உங்க அம்மா இன்னும் என்னென்ன பார்த்தாங்க?" என்று சீனியர் தினமும் ஒருமுறை சாதாரணமாகக் கேட்கத் தொடங்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை, சமரசத்தில் வெளியேறிய ஒரு தையல்காரரைத் தேடிப் போனாள். அவர் ஒரு மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டுப் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். சீனியரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கமான மனிதர் என்றார். அவரிடம் எப்படிப் போனீர்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"கேட்ல நிக்கிற வாட்ச்மேன்தாம்மா அனுப்பினாரு. கம்பெனிக்காரனா இருந்தாலும் நல்ல மனசு. ஃபீஸ் வாங்காத வக்கீல் ஒருத்தர் இருக்காரு, வேற யார்கிட்டயும் போயிடாதீங்கன்னு சொன்னாரு."

சமரசப் பத்திரத்தைக் காட்டச் சொன்னாள். கம்பெனி வாங்கிய முத்திரைத்தாள். அதன் பின்பக்கம், தையல்காரருடன் சமரசத்துக்கு என்ற குறிப்போடு விற்ற தேதி இருந்தது. தையல்காரர் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதற்கு நான்கு நாள் முந்தைய தேதி. அவர் வக்கீலைப் பார்க்கும் முன்பே அவருடைய சமரசத்துக்குத் தாள் வாங்கியாகிவிட்டது. சாட்சியாகக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தவள் மகளேதான்.

வீட்டுக்கு வந்து பத்திரத்தின் நகலை அம்மா முன்னால் வைத்தாள். அம்மா பழக்கத்தில் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, புகார் தன் பேரில் போகட்டும், மகளுடைய கையெழுத்து இருப்பதால் அவளுக்கு ஆபத்து என்றாள்.

"என் கையெழுத்து இருக்கிறதாலதாம்மா நான் எழுதணும்" என்றாள் மகள்.

விசாரணை எட்டு மாதம் நடந்தது. கமிட்டி இன்னும் பத்துப் பத்திரங்களை வரவழைத்தது. ஏழில் தேதி அதே மாதிரி முந்தியிருந்தது. தாய் சாட்சி சொன்ன நாளில் சீனியரே எழுந்து குறுக்கு விசாரணை செய்தார். எல்லோரையும் சந்தேகப்படுவது உங்களுக்கு ஒரு வியாதிதானே என்று, சிரித்த முகம் மாறாமல் கேட்டார்.

"ஆமாங்க, ரொம்ப நாளா இருக்கு. ஒருதடவை தப்பாவும் போயிருக்கு, அதுக்கு மன்னிப்பும் கேட்டிருக்கேன்" என்றாள். "ஆனா அந்தத் தாள்ல தேதி போட்டது நான் இல்லீங்க."

சீனியர் ஐந்து வருடம் கோர்ட்டில் நிற்கக்கூடாது என்று தீர்ப்பானது. தையல்காரருக்கு வீடு திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் கட்டிடத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். மகள் போய்ப் பார்த்தபோது அவர் திட்டவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. தெரியாமலேயே இருந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாராம். இடிக்காத கட்டிடங்களில் குடியிருந்த மூன்று குடும்பங்களின் கேஸ்கள் மறுபடி திறக்கப்பட்டன.

சீனியரைக் காட்டிக்கொடுத்தவள் என்று மகளை ஒன்றரை வருடம் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் நர்ஸாக இருந்த அந்தப் பெண் வக்கீல் கூப்பிட்டார். திறந்த மூன்று கேஸ்களும் அவரிடம் இருந்தன, படித்துப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. முதல் கேஸ் வாதத்துக்கு வந்த அன்று தாய் அரைநாள் லீவு போட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மகள் பேசியது அவள் காதில் சரியாக ஏறவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எதற்காக அத்தனை அமைதியாக உட்கார்ந்திருக்கிறார் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.