மேசனில் இருந்த நீதிமன்றம்

பஸ்ரியன் பிறம்ரனில் இருந்து எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு ட்றக் ஓடுகிறவன். மிச்சிகனில், இங்கம் கவுண்டியின் சோள வயல்களுக்கு நடுவே நிறுத்தப் பலகை வைத்த ஒரு சந்தியில் அவன் நிற்காமல் போனான் என்று பொலிஸ்காரன் தண்ட ரிக்கற் எழுதிவிட்டான். நின்றான்தான். அவன் நின்றது ட்றக்கின் கமராவில் தெளிவாக இருந்தது. அதைக் காட்டத்தான் வழக்குப் பேசப் போகிறான்.

"அண்ணை, உந்த ரிக்கற் விழுந்தால் இன்சூரன்ஸ்காரன் உங்களை அமெரிக்காவுக்கு ஓட விடமாட்டான். பிறகு கொம்பனி யார்ட்டுக்குள்ள ரெயிலர் இழுக்கிறதுதான்" என்று கொம்பனியில் சாரதிகளுக்கு லோட் பிரித்துக் கொடுக்கிற கீதன் முதலே சொல்லிவிட்டான்.

வழக்கு நாள் விடியப்பறம் வீட்டில் தேத்தண்ணியை நீட்டிய மனைவி கிளடிஸ், "ஒருக்கா ரிக்கற்றில கோட்டின்ர அட்றஸைப் பாருங்கோவன்" என்றாள்.

"எனக்கு நீ வழி காட்டப் போறியே? கவுண்டி எண்டால் எங்கட மாவட்டம் மாதிரி. யாழ்ப்பாண மாவட்டத்துக்குக் கச்சேரியும் கோட்டும் எங்க இருந்தது? யாழ்ப்பாணம் டவுனிலதானே? இங்கம் கவுண்டியில லான்சிங்தான் பெரிய டவுன். மாநிலத்துக்கே தலைநகரம். கோட் வேற எங்கயடி இருக்கும்?"

அவள் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். இருபது வருசமாக அப்படித்தான்.

எல்லையில் சார்ணியாப் பாலம் தாண்டி, நேரத்துக்கே லான்சிங் போய்ச் சேர்ந்தான். வெள்ளைக் கோபுரம் வைத்த மாநில சட்டசபையைக் கண்டதும் நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்து நீதிமன்றக் கட்டடத்து வாசல் காவல்காரி ரிக்கற்றைத் திருப்பிப் பார்த்தாள்.

"உங்கட வழக்கு இங்க இல்லை, ஐயா. மேசனில."

"மேசன் எங்க இருக்கு?"

"தெற்கால. சின்ன ஊர்தான், ஆனா கவுண்டிக்கு அதுதான் தலைமை. லான்சிங் தலைநகரமாக வர முந்தியே அப்பிடித்தான்."

பஸ்ரியன் மணியைப் பார்த்தான். காரை விரட்டினான். பெரிய பல்கலைக்கழகமும் கார்த் தொழிற்சாலைகளும் வைத்திருக்கிற அந்தக் கவுண்டி, கொஞ்சத் தூரத்திலேயே வெறும் சோளமும் சோயாவுமாகிப் போனது. ஒரு உழவு இயந்திரம் முன்னால் ஊர்ந்தது. முந்த வழியில்லை. ஸ்டியரிங்கில் குத்தினான், தூசணம் கொட்டினான்.

மேசன் நீதிமன்றத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மெதுவாகத்தான் சொன்னாள்: "உங்கட பேரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. குற்றம் என்று தீர்ந்துவிட்டது."

"நான் நிண்டனான்! இதைப் பாருங்கோ!" போனைக் கண்ணாடியில் அழுத்தினான்.

"நான் பார்த்துப் பயனில்லை. திரும்ப விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கோ. நீதவான் விட்டால் விடுவார்."

கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காருக்குள் வந்து குந்தினான். போன் அடித்தது. கீதன்.

"என்ன அண்ணை, வென்றாச்சோ?"

"ஆள் வரேல்லை எண்டு தீர்த்துப்போட்டாங்கள்."

"நீங்கள் போகேல்லையோ?"

"போனனான். வேற ஊருக்கு."

"சரி, திங்கள் சிக்காகோ லோட்டை வேற ஆளுக்குக் குடுக்கிறன். நீங்கள் யார்ட்டுக்கு வாங்கோ."

திங்கள் பஸ்ரியன் யார்ட்டில் ரெயிலர்களை ஒரு வாசலில் இருந்து மற்ற வாசலுக்கு இழுத்தான். மேசனில் இருந்து பதில் வரவில்லை. தேத்தண்ணி நேரத்தில் ஒருத்தன் பல்லைக் காட்டினான்: "என்ன மச்சான், அமெரிக்கா பிடிக்கேல்லையோ?"

"வழியை விடடா" என்று பஸ்ரியன் அடுத்த ரெயிலரைக் கொழுவப் போனான்.