என் பேச்சுக்குப் பின்னால் ஒரு டிரம்பெட்

என் கணவர் துபாயில் ஒரு ஹோட்டலில் டிரம்பெட் வாசித்தார். ஊரில் யாராவது கேட்டால் ஹோட்டலில் வேலை என்று மட்டும் சொல்வோம். சமையலா, ரிசப்ஷனா என்று அவரவர் இஷ்டத்துக்கு நினைத்துக்கொள்வார்கள். நாங்களும் திருத்தியதில்லை.

ஹோட்டலில் வாசித்தது அவருக்கே பிடிக்காது. பாடகிக்குப் பின்னால் நின்று, சாப்பிடுகிறவர்களின் பேச்சைக் கெடுக்காமல் ஊத வேண்டும். அவருக்கு உயிர் ஜாஸ் இசையின் ஆரம்ப காலம். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் அது பிறந்த கதையை, கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி சொல்வார். அந்தக் காலத்தில் யாரும் தனியாக முன்னால் வந்து நிற்க மாட்டார்களாம். டிரம்பெட்டின் தம்பியான கார்னெட் பாட்டைச் சொல்லும், கிளாரினெட் மேலே சுற்றிச் சுற்றி வரும், டிரம்போன் அடியில் இழுத்துக்கொண்டே போகும். எல்லாம் ஒரே நேரத்தில். பிறகு வந்த ஒரு மேதை தனி ஆளாக எழுந்து நின்று ஊதினார், உலகமே அவர் பின்னால் போய்விட்டது. அவரை இவர் குறை சொல்ல மாட்டார். ஆனாலும் அந்தக் கூட்டுப் பேச்சு போய்விட்டதே என்று ஒரு வருத்தம்.

"நம்ம வீடு மாதிரிதான். நீ பேசுற, குக்கர் விசிலடிக்குது, பாப்பா கத்துறா. யாராவது யாருக்காவது நிறுத்துறோமா?" என்பார்.

வீடு என்றால் கராமாவில் இரண்டு ரூம் ஃபிளாட். ஒரு ரூமில் நாங்கள், இன்னொன்றில் வேறொரு குடும்பம், சமையலறை பொது. அங்கே டிரம்பெட் ஊதினால் கட்டடமே எழுந்து வந்துவிடும். அதனால் ஏ.சி.யைப் போட்டு, ஜன்னலை அடைத்து, டிரம்பெட்டின் வாயை என் காபி டவராவால் மூடி ஊதுவார். அதற்கும் அவரிடம் ஒரு கதை உண்டு. கிண்ணம், தம்ளர், வாளி என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்து மூடியும் திறந்தும் கருவியைப் பேச வைத்தார் ஒரு பெரியவர். குழந்தை அழுகிற மாதிரியே ஊதுவாராம். கடைசியில் பல் போய், வாசிக்க முடியாமல், ஒரு விளையாட்டுக் கூடத்தில் பெருக்கித் துடைத்துச் செத்தாராம். கேட்டுவிட்டு, எல்லாம் சரி, டவராவைக் கழுவி எடுத்த இடத்தில் வையுங்கள் என்பேன். அதில் நான் கறார்.

இன்னும் இரண்டு பேரைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஒருவர், தன் வாசிப்பை மற்றவர்கள் திருடிவிடுவார்கள் என்று விரல்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிக்கொண்டு வாசித்தவர். அதே பயத்தில், இசைத்தட்டு போட வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார் என்று ஒரு கதை. இன்னொருவர் எல்லாருக்கும் முன்னோடி. அவர் ஊதினால் ஊரின் அடுத்த கோடிக்குக் கேட்குமாம். மனநோய் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனார். அவர் வாசித்ததில் ஒரு துளிகூடப் பதிவாகிக் கிடைக்கவில்லை. இசைத்தட்டுக்கு முந்திய மெழுகு உருளை ஒன்றில் பதிந்தார்கள் என்று பேச்சுண்டு, தேடாத இடமில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் இவர் குரல் இறங்கிவிடும்.

இவ்வளவு தெரிந்த மனிதர் தன் வாசிப்பைப் பதிந்து வைக்கவில்லை. கேட்டால், நன்றாக வரட்டும், பார்க்கலாம் என்பார். வராமலே போனது. ஒரு நாள் டியூட்டி முடிந்து ஸ்டாஃப் பஸ்ஸில் வரும்போது நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஊரோடு போய்விடு என்றார்கள். ஒரு கிளினிக்கில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன், என் பெயரில் விசா இருந்தது. மகளோடு இங்கேயே இருந்துவிட்டேன். அழக்கூட யோசனையாக இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கிறதே.

மகள் ஸ்கூலில் சேர்ந்த பிறகு ஒரு நாள், அப்பா வாசித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். அவர் போனபோது அவளுக்கு விவரம் தெரியாத வயது. நான் வாயால் செய்து காட்டினேன். சிரித்தாள். எனக்கு அது அவமானமாக இருந்தது. வாழ்ந்த மனிதருக்கு மிச்சம் என் வாய்ச் சத்தம்தானா என்று ஆற்றாமையாக வந்தது.

அப்போதுதான் அத்தையின் கேள்வி நினைவுக்கு வந்தது. அத்தை என் மாமியார், திருச்சியில் இருக்கிறார், காது மந்தம். போனில் சரிவராது என்று கேசட்டில் பேசி, லீவில் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவேன். அவர் சத்தமாக வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பார். அதே கேசட்டில் என் பேச்சுக்கு மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவார். ஒரு பதிலில் என்னைத் திட்டியிருந்தார்: "பாப்பா ஏன் இப்படி அழுவுறா? இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுப் பேசேன்." அழுதது பாப்பா இல்லை, டவரா. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆக, அவர் பதிவாகியிருக்கிறார். எத்தனையோ தடவை. அத்தனைக்கும் மேலே அத்தையின் பதில், அதற்கும் மேலே நான். ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று அத்தைக்குச் சொல்லி அனுப்பினேன். கடைசியாகப் போன ஒன்று மட்டும் அழியாமல் இருந்தது. அது போன கையோடு இவர் மொபைல் வாங்கிவிட்டார், சத்தம் போட்டாவது போனில் பேசிக்கொண்டோம். அதனால் அந்தக் கேசட்டில் பதில் ஏறவில்லை.

கிளினிக்கில் கூட வேலை பார்த்த பெண் ஊரிலிருந்து கொண்டுவந்தாள். எங்கள் டேப் எப்போதோ கெட்டுப்போனதால், பக்கத்து ரூமில் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி, கதவைச் சாத்தி, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டேன்.

முதலில் நான்தான். ரம்ஜான் நோன்பு மாதம், ஹோட்டலில் மியூசிக் கிடையாது, பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்கிறேன். வெங்காயம், பாப்பாவின் சளி, யாரோ வீட்டுச் சீமந்தம். குக்கர் விசில். அதற்கெல்லாம் அடியில், தூரத்தில், மூடித் திறக்கும் அந்த அழுகை. டவரா விளிம்பு டிரம்பெட்டில் இடிப்பதுகூடக் கேட்டது. மகள் டேப்பின் மேல் காதை வைத்துக்கொண்டாள். வாயை மூடேன்டி என்று என் குரலைப் பார்த்தே எனக்குக் கத்தத் தோன்றியது.

அழுகை மெல்ல மேலே ஏறியது. அவர் ஏதோ ஒன்றைப் பிடித்துவிட்டார் என்று எனக்கே புரிந்தது.

"ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க. அத்தைகிட்டப் பேசிட்டிருக்கேன்ல."

நின்றுவிட்டது.

திரும்ப எடுப்பார் என்று கேசட் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு தடவை குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, டவராவைக் கழுவி எடுத்த இடத்தில் வைக்கிற சத்தம்.