வானத்துக் கல்லுக்கு மரண அறிவித்தல்

அக்கராயன் கிராமத்தில் ஆண்டியப்பனின் ஓட்டோ வேகமாக வந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது சந்தைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஓட்டோ. மெதுவாக வந்தால் சனம் கைவேலையைப் போட்டுவிட்டு வாசல் படலைக்கு வந்துவிடும். கூரையில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறது, ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்று அதற்கு அர்த்தம்.

அவருக்கு வாய்த்த குரல் அப்படி. அடிவயிற்றிலிருந்து எழுந்து, கடைசிச் சொல்லில் கொஞ்சம் தழுதழுத்து அடங்கும். செத்தவரோடு வருசக்கணக்காகக் கதைபேச்சில்லாமல் இருந்தவர்கூட அந்தக் குரலைக் கேட்டால் சால்வையைத் தேடுவார். ஆனால் வேறு எதற்கும் அது உதவாது. ஒருமுறை பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் நாளை அறிவிக்கப் போக, தாய்மார் அழுதுகொண்டு றோட்டுக்கு ஓடிவந்துவிட்டார்கள். கோயில்காரர் அதோடு உசாராகி, திருவிழா அறிவித்தலுக்கு வெளியூர் ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்டியப்பனுக்கு அதில் மனவருத்தம்தான். நீங்கள் மீன் விலை கேட்டாலே மீனுக்கு அனுதாபம் சொல்வதுபோல இருக்கிறது என்று மனைவி மீனம்மா சிரிப்பாள்.

மீனம்மா எதற்கும் சிரிக்கிற மனுசி. ஊரில் எந்தச் செத்தவீடு என்றாலும் கேத்தலில் தேத்தண்ணியோடு முதலில் போய் நிற்பவள். ஆனால் திருவிழாப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டாள். சண்டையின் கடைசி மாதங்களில் முல்லைத்தீவுப் பக்கம் பங்கர்க் குழிக்குள் கிடந்த உடம்பு அது. வெளிச்சம் கண்டால் விழு, சத்தம் பின்னால் வரும் என்று அன்று படித்ததை அது இன்னும் மறக்கவில்லை. கோயிலில் வாணம் விட்டால் போதும், குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிலத்தில் சுருண்டுவிடுவாள்.

"எனக்குத் தெரியும் அது வெடிதான் எண்டு. என்ர காலுக்குத் தெரியேல்லையே," என்பாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆண்டியப்பனுக்குத்தான் சிரிப்பு வராது. எனக்கொரு பயமும் இல்லை, நானே சத்தம் போட்டுப் பிழைக்கிறவன் என்று ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்துவார். ஆனால் வாணம் தொடங்கமுதலே வீட்டுக்கு ஓடிவந்து குசினிக் கதவடியில் குந்தியிருப்பார். ஒரு திருவிழாவையாவது அவளோடு கடைசிவரை நின்று பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

பங்குனியில், அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்த ஒரு காலைப்பொழுதில், மகள் கௌசலா போன் எடுத்துக் கூப்பிட்டாள். பரந்தன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்.

"அப்பா, இண்டைக்குப் பொழுதுபட வானத்தில இருந்து ஒரு கல் வருகுது."

"எவன் எறியிறான்?"

"ஒருத்தரும் எறியேல்லை. சூரியனைச் சுத்திக்கொண்டு திரிஞ்ச சின்னக் கல்லு. உங்கட ஓட்டோவில பாதிகூட வராது. விடியத்தான் தொலைநோக்கியில கண்டவையாம். இப்பிடியானதெல்லாம் வந்து எரிஞ்சாப் பிறகுதான் தெரியவாறது. வரமுதலே பிடிபட்டது உலகத்திலயே கொஞ்சத் தடவைதான்."

"எங்கட தலையில விழுமோ?"

"இல்லை. மேலயே எரிஞ்சு முடிஞ்சிடும். மிஞ்சினாலும் கடலுக்குள்ளதான். ஆனா பெரிய வெளிச்சம் வரும். ரெண்டு மூண்டு நிமிசம் கழிச்சு வெடிச்ச மாதிரிச் சத்தமும் வரும். எல்லாரும் போனில செய்தி பாக்கிறவையே? தெரியாத சனம் என்னெண்டு நினைக்கும்? அம்மா என்னெண்டு நினைப்பா?"

கடைசிக் கேள்விதான் ஆண்டியப்பனின் நெஞ்சில் தைத்தது. நேரே குசினிக்குப் போனார். தேங்காய் திருவிக்கொண்டிருந்த மீனம்மா முழுவதையும் கேட்டாள்.

"சத்தம் வருமெண்டு முதலே சொல்லிப்போட்டு வருகுதோ? நல்ல பழக்கம். முந்தி வந்ததுகள் ஒண்டும் சொல்லிப்போட்டு வரேல்லை," என்றாள். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "நான் குசினிக்குள்ள இருக்கிறன். நீங்கள் போய் ஊருக்குச் சொல்லுங்கோ," என்றாள்.

இன்றைக்கு மட்டும் அவளைத் தனியே விட்டுப் போகவேண்டியிருந்தது. ஊர் அலுவல் பார்க்கிற விதானையாரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு ஆண்டியப்பன் ஒலிபெருக்கியைக் கட்டினார். சந்தோசமாகச் சொல்லவேண்டும், ஒருவரும் பயப்படக்கூடாது என்று வாய்க்குள் நாலு தரம் ஒத்திகையும் பார்த்தார். ஆனால் ஓட்டோ மெதுவாக உருளத் தொடங்கி, மைக் கைக்கு வந்ததும், வாய் தனக்குப் பழகிய வழியிலேயே போய்விட்டது.

"விண்வெளியைப் பிறப்பிடமாகவும், சூரியனைச் சுற்றிய பாதையை வதிவிடமாகவும் கொண்ட கல் ஒன்று, இன்று மாலை இருட்டும் வேளையில் எமது வானில் காலமாகவுள்ளது என்பதை ஆழ்ந்த துயருடன் அறியத்தருகிறோம். அன்னாரின் இறுதி யாத்திரையில் பெரும் வெளிச்சமும், சில நிமிடங்களின் பின் பெரும் சத்தமும் இடம்பெறும். யாரும் பயந்து ஓடவேண்டாம், நிலத்தில் விழவேண்டாம். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அடுத்த ஒழுங்கையில் திருத்திப் பார்த்தார். 'ஆழ்ந்த துயர்' போன இடத்தில் 'பூதவுடல்' வந்து குந்திக்கொண்டது. இனித் திருத்த வெளிக்கிட்டால் கல்லுக்கு எட்டாம் நாள் எட்டுச்செலவும் அறிவித்துவிடுவோம் என்று பயந்து, முதல் சொன்னதையே சொல்லிக்கொண்டு போனார்.

பக்கத்து வீட்டு இரஞ்சிதம் படலைக்கு ஓடிவந்து ஓட்டோவை மறித்தாள்.

"ஆர் தம்பி செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை அக்கா. கல்லொண்டு. இனித்தான் போகப்போகுது."

"அதுக்குச் சொந்தபந்தம்?"

"கல்லுக்கு என்னக்கா சொந்தம்?"

"ஐயோ பாவம். அவ்வளவு தூரத்தில இருந்து எங்கட ஊரைத் தேடி வருகுது. ஒருத்தரும் இல்லாமல் போக விடலாமே? நாங்களாவது குளக்கட்டில போய் நிப்பம்."

அவள் பகிடிக்குச் சொன்னாளோ உண்மையாகச் சொன்னாளோ தெரியாது. அந்தக் கதை ஓட்டோவை முந்திக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக ஓடியது. பொழுது சாய ஆண்டியப்பன் குளக்கட்டுக்குத் திரும்பியபோது அங்கே பாதி ஊர் நின்றது. குழந்தைகளைத் தோளில் வைத்திருந்தார்கள். கடலைக்காரன்கூட வந்துவிட்டான். யாரோ ஒருவர் வெள்ளை வேட்டி கட்டி வந்து, செத்தவீட்டில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவரைப் பார்த்துப் பார்த்துச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தச் சனத்துக்குள் மீனம்மா கேத்தலோடு நின்றாள்.

ஆண்டியப்பன் ஓட்டோவால் தலையை நீட்டினார். "நீர் ஏன் வந்தனீர்?"

"செத்தவீடெண்டு நீங்கள்தானே ஊர் முழுக்கச் சொன்னனீங்கள்? இரஞ்சிதமக்கா படலையில வந்து நிண்டு கூப்பிட்டவா. எந்தச் செத்தவீட்டுக்கு நான் போகாமல் விட்டனான்? இந்தாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ."

அவள் சிரித்தாள். ஆனால் கோப்பையை நீட்டும்போதும் கண் வானத்திலேயே இருந்தது, அவர் கண்டார். இங்கே குசினியும் இல்லை, சாத்த ஒரு கதவும் இல்லை. வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று அவர் யோசிக்கும்போதே இருட்டு இறங்கிவிட்டது. ஓட்டோவை அவளுக்கு அருகே நிறுத்தி, மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

தெற்கே ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. கண் மூடித் திறப்பதற்குள் அது பெருத்து, பச்சையும் வெள்ளையுமாக எரிந்துகொண்டு தலைக்கு மேலால் வடகிழக்கே கண்டாவளைப் பக்கமாக ஓடியது. குளத்துத் தண்ணீர் முழுக்கப் பகல்போல மின்னியது. குளக்கட்டில் நின்ற ஒவ்வொரு முகமும் தெரிந்தது. பிறகு அது நாலைந்து பொறியாகச் சிதறி அணைந்தது. ஊரே "ஓ!" என்று கத்திக் கைதட்டியது.

ஆண்டியப்பன் மேலே பார்க்கவில்லை. மீனம்மாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இரஞ்சிதத்தின் கையை இறுக்கிப் பிடித்தபடி, வாய் திறந்து, அண்ணாந்து நின்றாள்.

"இனித்தான் சத்தம் வரும்," என்று மைக்கில் சொன்னார். "ஒருவரும் விழவேண்டாம். அப்படியே நில்லுங்கள். ஒரு பயமும் இல்லை."

சனம் நின்றது. எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது, சிலர் கடலைச் சுருளைக்கூடப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இடித்தது. நெஞ்சுக்குள் இடித்தது, காலுக்குக் கீழே மண் அதிர்ந்தது.

"அம்மாளாச்சீ!"

அந்தக் கூக்குரல் ஒலிபெருக்கி வழியாகக் குளத்தைத் தாண்டி அக்கரையில் பட்டுத் திரும்பி வந்தது. சனம் திடுக்கிட்டது அதற்குத்தான். ஒருவரும் ஓடவில்லை. விழுந்தது ஒரே ஒருவர். ஓட்டோவின் பின்சில்லோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தலையைப் பொத்தி, முகங்குப்புறக் கிடந்தார் ஆண்டியப்பன். மைக் நெஞ்சுக்குக் கீழே அகப்பட்டு, அவருடைய இதயம் அடிப்பதை ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தது.

முதலில் கேட்டது மீனம்மாவின் சிரிப்புத்தான். பிறகு ஊரே சிரித்தது. அவளுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது, கால் இன்னும் நடுங்கியது, ஆனால் அவள் நின்றாள். நின்றபடியே குனிந்து அவருடைய தோளைத் தொட்டாள்.

"எழும்புங்கோ. கல்லுப் போயிட்டுது. என்ன நடந்தது உங்களுக்கு?"

ஆண்டியப்பன் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அவருக்கு வெட்கம் ஒருபக்கம், அவள் நிற்கிறாளே என்ற சந்தோசம் ஒருபக்கம்.

"ஊர் முழுக்கச் சொன்னன் மீனம்மா. என்ர காலுக்குச் சொல்ல மறந்துபோனன்."

மீனம்மா சேலைத் தலைப்பால் அவருடைய நெற்றியில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்துவிட்டாள். அவர் விழுந்தபோது தட்டுப்பட்டுச் சரிந்திருந்த கேத்தலை நிமிர்த்தினாள்.

"வாற மாதம் திருவிழாவுக்கு நானும் வாறன்," என்றாள். "வாணம் விடேக்க உங்களைப் பிடிச்சுக்கொண்டு நிக்க ஆள் வேணுமே."