அண்ணன் வாங்கிய பெயரும் நான் வெட்டிய லைனும்

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. திதிக்கு வந்தவர்கள் கையில் இந்த நினைவு மலர் இருக்கும். அவரைப் பற்றி நல்லது சொல்ல நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இங்கே சிங்கப்பூரில், செம்பவாங்கில். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினைந்து வயது, எனக்கு ஒன்பது. பள்ளியை விட்டுவிட்டுக் கப்பல் பட்டறையில் துரு சுரண்டப் போனார். என்னைப் படிக்கச் சொன்னார். நான் படிக்கவில்லை, லாரி ஓட்டப் போனேன். பிற்பாடு அவர் ஈமச்சடங்கு செய்யும் நிறுவனம் ஒன்றில் வேன் ஓட்டினார். அண்ணி சீக்கிரம் போய்விட்டார். மகள் கலாவை புக்கிட் பாஞ்சாங் வீட்டில் தனியாளாக வளர்த்தார். யார் வீட்டுச் சாவானாலும் முதலில் போய் நிற்பார். அதிகம் பேசமாட்டார்.

கொரோனாவில் விமானங்கள் நின்றிருந்த காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்த சில தம்பிகள் இறந்தார்கள். உடலை அனுப்ப வழியில்லை. சொந்தக்காரர்கள் வரவும் வழியில்லை. கொள்ளி வைக்க ஆள் இல்லாதவர்களுக்கு அண்ணன் வைத்தார். மாலை போட்ட முகம், சடங்கு, கடலில் சாம்பல் கரைத்தது, எல்லாவற்றையும் படம் எடுத்தார். அந்தப் படங்களுக்காக இணையத்தில் வெப்சைட்டுக்கு ஒரு பெயர் வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் போட்டார். அந்தப் பெயரை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

"பொணத்துக்கு எதுக்குண்ணே வெப்சைட்?" என்று கேட்டேன்.

"நீ லாரிய ஓட்டு. வாய ஓட்டாத லா," என்றார். அப்புறம் சொன்னார்: "வாட்ஸ்அப்புல அனுப்பினா போன் மாத்துனதும் போயிடும். இது நிக்கும்டா. அவங்க எப்ப வேணாலும் தொறந்து பாக்கலாம்."

விமானங்கள் ஓட ஆரம்பித்த பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. ஆளில்லாமல் இறந்தவர்களுக்குச் செய்துகொண்டே இருந்தார்.

பிறகு அவருக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது. எந்த வேட்டி கட்டுவது, யார் கொள்ளி வைப்பது, சிபிஎஃப் சேமிப்புப் பணம் யாருக்கு, எல்லாம் அவரே சொல்லிவிட்டார். ஒருநாள் ஆஸ்பத்திரியில் கலா ஒரு நோட்டை நீட்டினாள். "அப்பா, வெப்சைட் பாஸ்வர்ட் மட்டும் எழுதிக் கொடுத்துடுங்கப்பா."

எனக்குக் கோபம் வந்தது. "மனுசன் மூச்சு விடக் கஷ்டப்படுறாரு. இப்பவே சாவிக்கொத்தக் கேக்குறியா?" என்று சத்தம் போட்டேன். அண்ணன் பேனாவைக் கையில் எடுத்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். நான்கு நாளில் போய்விட்டார்.

போனவர் பெயரில் எதுவும் பாக்கி நிற்கக் கூடாது என்று நம்மில் சொல்வார்கள். கருமாதி முடிந்த மறுநாள் மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். வங்கி அட்டையை நிறுத்தினேன். போன் லைனை வெட்டினேன். ஒழுங்காகச் செய்ததாகத்தான் நினைத்தேன்.

பெயரைப் புதுப்பிக்கும் பணமும் படங்களை வைத்திருக்கும் வாடகையும் அந்த அட்டையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. பணம் வரவில்லை என்ற கடிதங்கள் அண்ணன் ஈமெயிலுக்குப் போயின. அந்த ஈமெயிலைத் திறக்க வேண்டுமானால் நான் வெட்டிய நம்பருக்குத்தான் ரகசிய எண் வரும். எங்களுக்கு எதுவும் தெரியாமல் போனது.

ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்காவில் ஒரு பையன் என்னை நிறுத்தினான். கட்டட வேலை செய்பவன், பெயர் முருகேசன். அண்ணன் கொள்ளி வைத்த தம்பிகளில் ஒருவனான செல்வத்தின் கூட்டாளி.

"அண்ணே, நீங்க வேன் அண்ணனோட தம்பிதானே? செல்வம் அம்மா தெனம் போன் போடுது. அமாவாசைக்கு அமாவாச மவன் படத்தப் பாத்துட்டுத்தான் சோறு வைக்குமாம். இப்ப இது வருதுண்ணே."

போனைக் காட்டினான். சீட்டாட்டச் சூதாட்டம். வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கிவிட்டார்கள்.

கலா எழுதாத இடமில்லை. கெடு தாண்டிவிட்டது, பெயரும் படங்களும் திரும்பக் கிடைக்காது என்றுதான் பதில் வந்தது. அண்ணனின் பழைய கம்ப்யூட்டரில் பாதிப் பேருடைய படங்கள் இருந்தன. செல்வத்தின் படம் இல்லை.

முருகேசனிடம் நம்பர் வாங்கி, செல்வத்தின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன்.

"படம் போச்சும்மா. தப்பு என்னோடது."

"சாம்பல் கரைக்கயில நீ அங்க இருந்தியாப்பா?"

"இருந்தேம்மா. அன்னிக்கு அண்ணனுக்கு இடுப்பு வலி. சட்டிய நான்தான் தூக்குனேன்."

"அப்பச் சொல்லு."

சொன்னேன். காலை நேரம். நல்ல வெயில். அலை இல்லை. அண்ணன் அவன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். சாம்பல் கொஞ்ச நேரம் தண்ணீர் மேலேயே கிடந்தது, பிறகு இறங்கியது.

"என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாரு? செல்வம்னா, செல்வராசுன்னா? வீட்டுல செல்வராசு."

எனக்கு ஞாபகம் இல்லை. "தெரியலம்மா," என்றேன்.

"படத்துக்குக் கீழ எழுதியிருந்தாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. பேத்திதான் படிக்கும்," என்றார். போனை வைத்துவிட்டார்.

இதைப் படிக்கும் சொந்தங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் பெயரில் இப்படி ஏதாவது இருந்தால், பெயர், ஈமெயில், பாஸ்வர்ட், புதுப்பிக்கும் நாள், எல்லாவற்றையும் தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். பிள்ளைகள் கேட்டால் அபசகுனம் என்று திட்டாதீர்கள். சாவு நடந்த வீட்டில் போன் லைனை அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

அண்ணனின் கடைசி நாட்களில் உதவிய ஆஸ்பத்திரித் தாதியர், வேன் தந்த முதலாளி, சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குடும்பம், முருகேசன், எல்லோருக்கும் நன்றி. கலாவிடம் அன்று நான் பேசியதற்கு இங்கே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். கிடைத்த படங்களைக் கலா புதுப் பெயரில் போட்டுவிட்டாள். அதன் விவரம் எழுதிய தாள் அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று இருக்கிறது.

படம் போனவர்களில் பதினொரு வீட்டுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் நம்பர் அண்ணன் போனோடு போய்விட்டது. அவர்கள் இன்னும் அந்தப் பழைய பெயரைத் திறந்துகொண்டிருக்கலாம். பையன்களின் பெயரைப் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறேன். யாருக்காவது வீடு தெரிந்தால் சொல்லுங்கள். நீங்கள் பேச வேண்டாம். நான் பேசுகிறேன்.